புறாக்களின் எண்ணிக்கை

லூப்ளின். நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
மருத்துவமனை அடித்தளம், அறை எண் பதினாறு.
யாத்விகா கோட்டைக் கழற்றவில்லை.
ஐம்பத்தெட்டு வயது. டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
பனி உறைந்த சாலை, கடைசி வண்டிக் குடிகாரர்கள்,
கம்பியிலிருந்து நழுவித் தீப்பொறி கக்கும் கொம்பு,
எதற்கும் அஞ்சியதில்லையாம்.
படிவத்தில் ‘புறா’ என்று எழுதவேண்டிய கட்டத்தில்
‘பறவை’ என்று தொடங்கி
பாதியில் அடித்திருந்தாள்.

முதலில் காந்தம்.
எட்டுப் போல வளைந்த சுருளை
அவள் நரைத்த வகிட்டுக்குப் பக்கத்தில் வைத்து
இடம் தேடினேன்.
டக். ஒன்றுமில்லை.
அரை விரல்கடை தள்ளி, டக். ஒன்றுமில்லை.
டக்.
மடியில் கிடந்த கட்டைவிரல் துள்ளியது
கரையில் போட்ட கெண்டை மாதிரி.
“இது நான் செய்ததில்லையே.”
“நான்தான்.”
“இனிமேல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஓல்கியெர்ட்.”

சுருளை நெற்றிக்கு நகர்த்தினேன்.
டக்டக்டக்டக். ஓய்வு. டக்டக்டக்டக்.
பல் கூசியதாம். இமை தானாக அடித்துக்கொண்டதாம்.
பயத்திடம் போதும் என்று சொல்கிற மூலை ஒன்று
மூளையில் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்புகிறோம்
என்றேன். எங்கள் துண்டறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
“புறாவை விரட்ட ஒரு மரங்கொத்தி” என்றாள்.
அவள் சிரித்து முடிக்குமுன்
ஹெட்செட்டை மாட்டிவிட்டேன்.

என் திரையில் ஒரு நகர்த்துபட்டை.
இடக்கோடியில் பூஜ்யம், வலக்கோடியில் இருநூறு.
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத சதுக்கம்,
நகராத மேகம்.
ஒன்றே ஒன்று வைத்தேன், நீரூற்றுக்கு அப்பால்.
நாடி நூற்றிருபதைத் தாண்டியது.
“பத்துக்கு எத்தனை?”
“ஒன்பது.”
காத்திருந்தோம். என் வேலையில் பெரும்பகுதி அதுதான்.
“எட்டு.”
ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.
“இன்னும் எட்டுதான். அவசரப்படுத்தாதீர்கள்.”
“ஆறு.”
இரண்டு வைத்தேன்.

நான்காம் வாரம், நாற்பது புறாக்களுக்கு நடுவே நின்று சொன்னாள்:
“உங்கள் புறாக்கள் எச்சமிடுவதே இல்லை.
எல்லாவற்றுக்கும் கால்விரல் ஒழுங்காக இருக்கிறது.
என் வண்டிக்குள் வந்தது அப்படி இல்லை.
காலில் நூல் இறுகி, விரல் கறுத்து,
கண்ணாடியில் மோதி மோதி
என் முகத்தில், என் வாயில்.
பின்னால் முப்பது பேர்.
நான் ஸ்டியரிங்கை விடவில்லை.
அதை யாரும் கேட்பதில்லை.”
நாடி எண்பத்தாறு.
நானும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அன்றிரவு ஒரு புறாவின் இடக்காலில் நூல் வரைந்தேன்.
நொண்டல் சரியாக அமைய விடிந்துவிட்டது.
மேசைமேல் போன் மூன்று முறை அதிர்ந்தது, அண்ணன் எண்.
ஆறு வருடமாக எடுக்காத எண்.
குப்புறக் கவிழ்த்துவிட்டு
மறுபடி அந்தக் காலுக்கே போனேன்.

அடுத்த வியாழன் நூல்கட்டிய புறா நீரூற்றைச் சுற்றிக்கொண்டு வந்தது.
யாத்விகா குந்தி உட்கார்ந்தாள்,
அவளுக்குக் கல்தரை, எனக்கு மருத்துவமனையின் மலிவுக் கம்பளம்.
“பத்துக்கு எத்தனை?”
பதில் இல்லை.
நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து.
என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.
“தொடாதீர்கள்” என்றாள்.
முகத்தில் அந்தப் பெட்டியோடு
நான் எங்கே தொடப்போகிறேன் என்று எப்படித் தெரிந்ததோ.

மார்ச்சில், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் பார்த்தேன்.
ஈரச் சதுக்கத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தாள்,
ஓரத்தைப் பிடித்து அல்ல, நடுவே.
கையில் ஜிப் பிய்ந்த ஜாக்கெட், எதிரே தையல்கடை.
ஒன்று காதோரம் படபடத்தது.
உடம்பு முழுக்க ஒருமுறை உதறினாள்,
தள்ளுவண்டிக் குழந்தையே திரும்பிப் பார்க்கும்படி
ஒரு கெட்டவார்த்தை சொன்னாள்,
கடைக்குள் போனாள்.

பையில் போன் அதிர்ந்தது.
பத்துக்கு எத்தனை?
ஒன்பது.
பஸ் வந்தது. ஏறவில்லை.