ஒரு சுற்று

மாசில்லாமணி சாரின் பணிப்பதிவேடு
பென்ஷனுக்கு நகல் எடுக்க என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது.
அதில் ஆர்கன் இல்லை.
லஸ்கர், நீடாமங்கலம் பிரிவு. மதகு எண்கள்.
ஒரே ஒரு தடவை இரண்டு நாள் சம்பளப் பிடித்தம்,
காரணம் எழுதவில்லை.
எங்களுக்குத் தெரியும்: திருச்சியில் பாடகர் விழா,
எங்களுக்கு மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம்.

சபை கொடுத்தது மாதம் நூற்றைம்பது.
முப்பத்தொரு வருஷத்தில் அறுநூறு ஆனது.
ரெவின்யூ ஸ்டாம்ப் அவர் காசு.

கிரீஸ் வாசனையோடுதான் வருவார்.
பெடலை மிதித்தால் முதலில் ஒரு பெருமூச்சு,
பிறகுதான் சுரம்.
எலி கடித்த துருத்திக்கு சைக்கிள் டியூப் ஒட்டு.
மேல் ‘ஃபா’ எழும்பாது.
அந்த இடம் வரும்போது
சோப்ரானோ ஆலிஸ் உரக்கப் பாடிவிட வேண்டும்.

நான் ஆல்ட்டோ.
மெட்டு ஒருநாளும் என் பக்கம் வந்ததில்லை.
“பியூலா, பஸ்ஸா பிடிக்கப் போற? முந்தாத.”
இருபது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன சங்கீதம் இவ்வளவுதான்.

ஆறு நிறைய ஓடினால் ஒத்திகைக்கு வரமாட்டார்,
பாஸ் வரிசை பாட்டுக்கு அலையும்.
ஆறு காய்ந்த வருஷம்
இருந்த கொஞ்சத்தையும் முறை வைத்து விட்டார்கள்.
அடைத்த நாளெல்லாம் ஏழு மணிக்கு வந்துவிடுவார்.
நாங்கள் நன்றாகப் பாடியது
அந்த வருஷம்தான்.
சொல்ல வாய் கூசுகிறது.

கடைமடையில் எங்களுக்கு நாலு மா.
கதிர் பால் பிடிக்கிற நேரம்.
மார்கழிப் பனியில் என் வீட்டுக்காரர் மதகடிக்குப் போனார்.
“ஒரு சுத்து சார். விடியறதுக்குள்ள எறக்கிடலாம்.”
அவர் டார்ச்சை அணைத்துவிட்டு
இல்லை என்றார்.
பிறகு டார்ச்சைப் போட்டு
சைக்கிள்வரை வெளிச்சம் காட்டினாராம்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாட்டு.
நாலாம் தாளத்தில் என் பக்கம் தலையசைத்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
பக்கத்து இருவரும் என் வாயைப் பார்த்துப் பாடுகிறவர்கள்.

மூன்று குரல்களுக்கு நடுவே
வயல் வெடிப்புபோல ஒன்று.
அதற்குள் அவர் வலது பெருவிரல்
என் வரியில் இறங்கிவிட்டது.
திரும்பிப் பார்க்கவில்லை. வேகம் மாறவில்லை.
இன்றைக்கு ஆர்கன் நிறைவாக இருந்தது என்று
ஐயரம்மா அப்புறம் சொன்னார்கள்.

இரண்டாம் சரணம் முழுக்க
அவரே என்னை வாசித்தார்.
மூன்றாவதில் என்னால் முடியவில்லை.
கோபம் அப்படியே இருந்தது,
வரியும் தெரிந்திருந்தது.
நான் நுழைந்ததும் பெருவிரல் எழுந்துகொண்டது.

நாலு மாவும் பதர்.
கிறிஸ்துமஸுக்கு வளையல் இல்லாத கையில்தான்
பாட்டு நோட்டைப் பிடித்திருந்தேன்.

பிரிவுபசாரத்தில் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம்.
பேசிய எல்லாரும் அந்தக் கிறிஸ்துமஸைத்தான் சொன்னார்கள்,
அப்படி இந்தக் கோயிலில் யாரும் பாடிக் கேட்டதில்லை என்று.
ஏற்புரை நாலு வாக்கியம். மூன்று நன்றி.
நாலாவது,
“அந்த வருஷம் தண்ணி இல்ல.”
உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள்.
என் வீட்டுக்காரர்
வடையை வாய்க்கருகே பிடித்தபடி
சற்று நேரம் இருந்தார்.