நாளைக்குச் சோதனை

பிராம்டன், பிஸ்கட் ஆலையின் சாப்பாட்டு அறை.
இரவு இரண்டே கால்.
மாவு ஒட்டிய விரலால்
அட்டையைத் திருப்புகிறாள் மரிவிக்.

உவமை?
'போல' கூடவே வரும்.
உருவகம்?
'போல' முந்தின தரிப்பிடத்திலேயே இறங்கிவிடும்.
சிரிக்கிறாள்.
இப்படி எழுதினால் ஒரு புள்ளியும் போடமாட்டார்கள்.

நாற்பத்தொரு வயதில்
பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம், இருவருக்கும்.
திட்டும்போதும் கெஞ்சும்போதும்
இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தோம்,
பெயர்கள்தான் பிடிபடவில்லை.

உயர்வு நவிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்.
"இந்த ஊர்க் குளிரில் என் பெயர்கூடச் சுருங்கிவிட்டது."
அது உண்மை, மிகையில்லை என்று
என் சட்டையில் தொங்கும் அட்டையைத் தட்டினாள்.
நவமலரை 'நவ'வோடு வெட்டி
அச்சடித்திருந்தார்கள்.

முரண்?
நான் பேசாமல் சுவரைக் காட்டினேன்.
'நாம் ஒரே குடும்பம்' என்ற பதாகை.
அதற்குக் கீழே, பசை காயாத தாள்:
இரவுநேர வேலை நிறுத்தப்படுகிறது.
முப்பத்தெட்டுப் பேர் விடுவிக்கப்படுகிறார்கள்.

எழுந்து போய்
விரல் வைத்து வாசித்தாள்,
ஒவ்வொரு சொல்லாக.
செயப்பாட்டுவினை, என்றாள்.
இரண்டு வாக்கியம், இரண்டும்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
சொற்களுக்கு இடையே கூரை போல் ஒரு குறி போட்டு
மேலே எழுதினாள்:
யாரால்?
ஓரத்தில், வட்டத்துக்குள்,
இரண்டு புள்ளி குறைத்தாள்.

மணி அடித்தது.
கையுறையை மாட்டிக்கொண்டோம்.
இன்னும் பதினோரு அட்டை இருக்கிறது.