குவியல் எண் ஏழு

நேற்று ராத்திரி குவியலுக்குள்
கம்பியைச் செருகிவிட்டுப் போனேன்.
காலையில் உருவித் தொட்டால்
கை பொறுக்கவில்லை.
வேலூருக்கு இன்னும் கத்திரி வரவில்லை,
இதற்குள் வந்துவிட்டது.

சத்துவாச்சாரியில் ஐந்து தெரு என் வண்டிக்கு.
பச்சை வாளி, சிவப்பு வாளி,
பிரித்துக் கொடுங்கள், பிரித்துக் கொடுங்கள்.
விசில் ஊதி ஊதி உதட்டோரம் காய்த்துவிட்டது.
யார் வீட்டில் விரதம், யாருக்குச் சம்பளம் வந்தது,
முருங்கைக்காயை மெல்லாமல் துப்புகிற அளவுக்கு
யாருக்குப் பல் போனது,
எல்லாம் வாளியில் இருக்கும்.
நானாகப் போய் எதுவும் கேட்டதில்லை.

நாற்பத்தோராம் எண் வீட்டில் மட்டும்
ஒரு மாசமாக
தினமும் ஒரு ஆள் சோறு.
குழம்பு ஊற்றி, ஓரத்தில் அப்பளம் வைத்து,
கை படாமல்.
கமலவேணியிடம் சொன்னேன்.
"உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?
வாங்கினமா, வண்டிய தள்ளினமான்னு இரு."

கொட்டகைக்கு வந்தால் எல்லாம் ஒன்று.
மண்டித் தெருவின் நசுங்கின தக்காளி,
மண்டபத்து வாழையிலை, இலையில் மிஞ்சின பாயசம்,
ஜூஸ் கடை அன்வர் பாஷா
தானே தள்ளிக்கொண்டு வரும் கரும்புச் சக்கை.
ஈரம் கூடினால் அழுகி நாறும்.
அதற்கென்று அணைக்கட்டிலிருந்து
மூட்டை மூட்டையாய் வேர்க்கடலைத் தோல்.
ஒரு அடுக்கு ஈரம், ஒரு அடுக்கு தோல்,
மேலே சாணிக் கரைசல், அதில் பிடி வெல்லம்.
வெல்லம் எதற்கு என்று கேட்டதற்கு
கண்ணுக்குத் தெரியாததுங்களும் சாப்பிட வேண்டாமா
என்றார் சூப்பர்வைசர்.

முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நிற்க முடியாது.
பின் தெரு கஜபதி சார்
கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்,
நகலை எங்கள் கேட்டிலும் ஒட்டினார்.
அவரேதான் போன மாசம்
மாடித் தொட்டிக்கு இரண்டு கிலோ கேட்டு வந்தார்.
பையைப் பிரித்து முகர்ந்தார்.
கொஞ்சம் நேரம் பேசவில்லை.
"மழ பேஞ்ச மாதிரி கீதேம்மா" என்றார்.
கிலோ பத்து ரூபாய், ரசீது உண்டு.
மனு இன்னும் கேட்டில்தான் இருக்கிறது.
கிழித்தால் குப்பை,
அதுவும் நாங்கள்தான் அள்ள வேண்டும்.

நாற்பத்தைந்தாம் நாள் கம்பி குளிர்ந்திருந்தது.
ஏழாம் எண்ணைப் பிரித்து
சல்லடையில் கொட்டி ஆட்டினோம்.
கறுப்பாய் இறங்கிக்கொண்டே இருந்தது.
இலை எது, சோறு எது, சக்கை எது,
விடிந்தால் பிரி பிரி என்று கத்துகிறவள் நான்,
எனக்கே தெரியவில்லை.
மேலே நின்றவை: மாங்கொட்டை, ஒரு கொண்டை ஊசி,
எவர்சில்வர் ஸ்பூன்.
காம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயர்.
பெ. பிரசன்னா. 14-6-99.
பிள்ளைக்கு முதல் வருஷம் யாரோ முறை செய்தது போல
சின்ன ஸ்பூன்.

சீயக்காய் போட்டுத் தேய்த்து
மறுநாள் எடுத்துப்போனேன்.
நாற்பத்தோராம் எண்.
அந்தம்மா வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள்.
உதடு அசைந்தது.
"எங்க வீட்டுது இல்லம்மா" என்றார்கள்.
வாளியைக் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
பூசணிக் குடல், வெங்காயச் சருகு, டீத்தூள்.
சோறு இல்லை.
அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும்.

ஸ்பூன் கொட்டகையில் இருக்கிறது.
தூள் வெல்லத்தை அதில்தான் அளக்கிறோம்,
பக்கெட்டுக்கு ஆறு.
"பிரசன்னாவ எடு" என்பாள் கமலவேணி,
எடுத்துக் கொடுப்பேன்.
ஏழாம் எண் தொட்டியில்
மறுபடியும் அடியில் தோல் பரப்பியாகிவிட்டது.
கம்பி இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.
இன்றைக்குத்தானே போட்டது.