பங்கில் எழுதாதது

பாகப் பத்திரத்தில் வள்ளம் எனக்கு.
பாயும் மரமும் பருமலும் வியாகுலத்துக்கு,
என் தங்கச்சி மதலேன் நகை போட்டு வாங்கியது என்பதால்.
திருவாடானையில் ஒரு மழைநாள்
ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக்
கையெழுத்துப் போட்டோம்.
கயிறுகளை எழுத மறந்துவிட்டார் பத்திர எழுத்தர்.

ஆஞ்சான் என் வீட்டு ஆணியில் தொங்கியது.
தாமான் அவன் வீட்டுக் கொல்லையில்,
இரண்டு வேம்புக்கு நடுவே,
ஈரச் சேலைகளைச் சுமந்துகொண்டு.
பதினெட்டு நாள் காரங்காட்டுக் கரையில்
வள்ளம் வெயில் குடித்தது.
நண்டு விலை ஏறிய அன்று
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
இரண்டு வீட்டிலிருந்தும் கயிறு நடந்து வந்தது.

அதன்பிறகு எங்களுக்குள் இரண்டே சொல்.
இழு.
இளக்கு.
அவன் சுக்கானில், நான் தாமானில்.
தொண்டியில் எடைக்கு வாங்கிய மஞ்சள் நைலான்,
ஓடவிட்டால் உள்ளங்கையைச் சுடும்.

தாமானைக் கட்டக் கூடாது.
கம்பில் ஒரு சுற்று, மிச்சம் கையில்;
காற்று கேட்டால் கொடுக்க வேண்டும்.
பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும் இது.
அன்று நான் கட்டினேன்.
கை வலி என்று சொல்லலாம்.
மூன்றாம் தடவை அவன் 'இழு' என்றபோது
அந்தக் குரலில் நகைக்கணக்கு இருந்தது என்றும் சொல்லலாம்.

கரைப்பக்கம் கறுத்தது.
கச்சான், உப்பளத்துத் தூசியோடு.
வள்ளம் ஒருச்சாய்ந்து
விளிம்பு தண்ணீரைத் தொட்டு, மொண்டது.

இளக்கு!
நனைந்த முடிச்சு என்னைவிடப் பிடிவாதம்.
நகம் பிய்ந்தது, அது பிரியவில்லை.

நண்டு வலை அறுக்கும் கத்தியோடு
அவன் தவழ்ந்து வந்தான்.
பாய் சாய்ந்து கடலைத் தடவுகிறது,
பெட்டி மிதக்கிறது,
அந்த நேரத்தில் நின்று கேட்கிறான்:
"வெட்டவா?"

எட்டு மாதத்தில் மூன்றாவது சொல்.

வெட்டு என்றேன்.
பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.
ஆஞ்சானை அவிழ்த்துப் பருமலை இறக்கினோம்.
காற்றில் பாயைச் சுருட்ட நாலு கை வேண்டும்.
அவன் அமுக்க நான் சுற்ற,
நான் அமுக்க அவன் சுற்ற,
வெட்டுண்ட தாமானாலேயே வரிந்து கட்டி,
ஆழமில்லாத கடல்தானே,
கோல் ஊன்றியே கரை சேர்ந்தோம்.

மறுநாள் புதுக் கயிறு கொண்டுவந்தான்.
பாதி விலையை என் நண்டுக் காசில் கழித்திருந்தான்.
கணக்குச் சரிதான்.

முடிச்சு விழுந்த துண்டு மட்டும்
என் கால்சட்டைப் பையில் கிடக்கிறது.
மாதா கோயில் மணி அடிக்கும்வரை
படியில் உட்கார்ந்து நெம்பிப் பார்க்கிறேன்.
ஒரு இழை அசைந்தது போலிருக்கிறது.
அசையவில்லை.