பதினொரு கதவுக்கு ஒரு பெட்டி

கஸ்தூரியார் வீதியில் புது நாலு மாடி.
கீழே நகைக்கடை, அதற்கு மேலே அடகும் லீசிங்கும்,
பிறகு பல் வைத்தியம்,
உச்சியில் ஏ.எல். ரியூசன், நூற்றிப்பத்துக் கதிரை.
முதலாளி குலவீரசிங்கம் கேட்டது ஒன்றே ஒன்று:
"பிள்ளை, எது மலிவு?"

என் பையில் மூன்று பெட்டிகளின் விபரத்தாள்.
முதலாவது பன்னிரண்டு வோல்ற், ஐந்து அம்பியர்,
உள்ளே ஒரேயொரு பியூஸ்.
ஒரு கதவில் வயர் முட்டினால்
பதினொன்றும் சேர்ந்து சாகும்.
இரண்டாவது இருபத்துநாலு வோல்ற்,
கதவுக்கொரு பியூஸ், நெருப்பு மணிக்கென்று
தனியாக ஒரு சோடி முனை,
விலை இரண்டரை மடங்கு.
மூன்றாவதைப் பற்றி எழுதமாட்டேன்.
மூடியைத் திறந்ததுமே மணத்தது.

பூச்சுக் காயாத சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டேன்.
காந்தப் பூட்டு ஒன்பது, ஒன்றுக்கு அரை அம்பியர், நாலரை.
"ஐந்து இருக்குதே, காணுந்தானே?"
காணும். இன்றைக்கு.
விளிம்பில் ஓடுகிற பெட்டி
வைகாசி வெக்கையைத் தாண்டி மார்கழி காணாது.
கீழறையிலிருந்து உச்சிக் கதவுக்கு
எழுபது மீற்றர் மெல்லிய வயர்;
பன்னிரண்டாய்ப் புறப்படுவது
பத்துச் சொச்சமாய், களைத்துத்தான் போய்ச் சேரும்.

அவர் பென்சிலைப் பார்க்கவில்லை.
"கரண்ட் நிண்டால் கதவு பூட்டித்தானே கிடக்கவேணும்?"

அடகு அறைக்கு ஓம், கணக்கறைக்கும் ஓம்.
அந்த இரண்டுக்கும் வேறு பூட்டு,
தங்கம் மூச்சு விடுவதில்லை.
படிக்கட்டுக் கதவுகளுக்கு இல்லை ஐயா.
"கள்ளன் மெயினை நிப்பாட்டினால்?"
அதற்குத்தான் பற்றரி, ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும்,
அதற்குள் காவல்காரப் பற்குணம் எழும்பிவிடுவார்.
"நெருப்பு மணி அடிச்சால்?"
அப்போது பற்றரியின் பேச்சும் எடுபடக் கூடாது.
ஒன்பதும் விடவேணும்.

அவர் முகம் கோணியது, காசை நினைத்து.
நானோ அவர் விரலில் சுழன்ற கொத்தைப் பார்த்தேன்.
வேறு ஊரில் அது சாவி.
எங்களுக்குத் திறப்பு.
பூட்டப் போகிறவனும் இங்கே
"திறப்பு எங்கே" என்றுதான் தேடுகிறான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"இரண்டாவதை எடும்" என்றார், தானாகவே,
பிறகு மூன்று தரம் விலை குறைத்துப் பார்த்தார்.

வியாழன் இரவு ஒன்பது மணிக்குச் சோதனை.
டினோஷன் கீழே நின்று மணியை அழுத்த
டக், டக், டக்,
கட்டிடம் முழுக்கச் சொடக்கு முறித்தது.
எட்டு எண்ணினேன்.
ஒன்பதாவது வரவில்லை.

உச்சி மாடி. ரியூசன் கதவு.
தோளால் இடித்தேன், அசையவில்லை.
சீலிங் தகட்டைத் தள்ளிக் கையை விட்டால்
சூடாய் ஒரு கறுப்பு அடாப்ரர்,
ரவுட்டருக்கு வந்தது,
முந்தைய வயர்மன் நேரே பூட்டில் கொழுவியிருக்கிறான்.
மணி அடித்தது அதற்குத் தெரியாது.
எங்கள் பெட்டியையும் தெரியாது.
அறுநூற்றைம்பது ரூபாய், ஸ்ரிக்கர் அப்படியே.
"வேலை செய்யுதுதானே அக்கா எண்டு விட்டிட்டன்."
டினோஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.
நானும் அந்தக் கதவின் பச்சை விளக்கை நம்பித்தான்
பேப்பரில் சரி போட்டிருந்தேன்.

வெட்டி, புது வயர் இழுத்து, பதினொன்றரைக்கு மறுபடி மணி.
அறுநூறு இறாத்தல் இழுவைக்கும் விடாத கதவு
என் சின்னவிரல் பட்டதும் உள்ளே போனது.
இருட்டில் கதிரைகள்.
பலகையில் பாதி அழித்த ஒரு தொகையீடு.
கடைசி வரிசையில் யாரோ மறந்த தண்ணிப் போத்தல்.

கீழிருந்து குலவீரசிங்கத்தின் குரல்:
"முடிஞ்சுதோ பிள்ளை?
அந்த அடாப்ரரை எறியாதையும்,
வீட்டில ரவுட்டருக்கு உதவும்."