வரட்டும், வரட்டும்

ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் வகுப்பு.
கரண்ட் பில்லின் பின்புறம் எழுதுகிறேன்:
முதல் கால் மணி நேரம், ஓட்டம்.
அடித்துவிட்டேன்.
ஓடச் சொன்னால் கோமதி டீச்சர்
வாசல் வழியாக ஓடிவிடுவாள்.

புளியரையில் ரப்பர் ஷீட் அடுக்கியிருந்த குடோன்.
ஷீட் போய் இரண்டு வருடமாகியும்
வாடை மட்டும்
வாடகை தராமல் குடியிருக்கிறது.
புனலூரிலிருந்து எட்டு மெத்தை,
அதில் இரண்டு நனைந்து வந்தது.
கணவாய்க் காற்று தகரத்தைத் தட்டுகிறது,
உள்ளே யாரு என்பதுபோல.

பேர் கொடுத்தவர்கள் ஏழு.
பீர்முகம்மது, புரோட்டா மாஸ்டர்,
மாவு வீசிப் பழகிய மணிக்கட்டு,
குனிந்தால் மூச்சு முட்டும்.
திருமலைக்குமார், வைக்கோல் லோடு,
இருபத்தாறு வருடம் உட்கார்ந்து ஓட்டியதில்
இடுப்பு சீட்டின் வடிவத்துக்கு வந்துவிட்டது.
சொள்ளமுத்து, செக்போஸ்ட் எழுத்தர்,
முட்டி மடங்காது என்று முன்கூட்டியே
கடிதம் கொடுத்திருக்கிறார், தேதி போட்டு.
ஆரியங்காவு ஓமனா
நைட் டியூட்டி முடித்து நேரே வருவாள்.
ஒரே ஒரு தடவை தலைகீழாக நிற்கணும், மதி, என்றாள்.
மற்றவர்களை இன்னும் பார்க்கவில்லை.

தலைகீழ் நிற்பது: அடித்துவிட்டேன்.
பக்கச் சக்கரம்: அடித்துவிட்டேன்.
முன் உருளல்: கேள்விக்குறி.
அதன் கீழே பென்சிலில்,
தரையில் உட்கார், எழு.
எழுதவே கூச்சமாக இருந்தது.
காசு வாங்கிக்கொண்டு
உட்காரவா சொல்லித்தருவது?

நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
நானே உருண்டு பார்த்தேன்.
மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்த முதுகு,
பத்தொன்பது வருடம் கழித்து.
தாடையை நெஞ்சோடு ஒட்டி, கை ஊன்றி,
கழுத்துக்கு வந்ததும்
உடம்புக்கு வழி மறந்துபோய்
பக்கவாட்டில் சாய்ந்தது, மூட்டை மாதிரி.
வலிக்கவில்லை.
எழத்தான் பிடிமானம் தேடினேன்.
ஒரு கை. ஒரு முட்டி. பிறகு சுவர்.
இல்லை, அதற்கு முன்னால் கொஞ்ச நேரம்
மல்லாந்தே கிடந்தேன்.
கூரையில் ஆணி ஓட்டைகள்,
ஒவ்வொன்றிலும் செக்போஸ்ட் விளக்கு.

வெளியே ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது.
கிளீனர் பையன் பக்கப் பலகையைத் தட்டினான்:
வரட்டும், வரட்டும், லேசா ஒடி, வரட்டும்.
ஓட்டுகிறவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது.
தட்டல் கேட்கும்வரை வருகிறார்.
நின்றால் நிற்கிறார்.

ஆகவே, திருத்திய திட்டம்:
ஆறரை. எல்லோரும் படுங்கள், கூரையைப் பாருங்கள்.
எதற்கு என்று கேட்டால் பிறகு சொல்லலாம்.
மணிக்கட்டுக்கு பீர்முகம்மது முன்னால் நிற்பார்,
மாவு இல்லாமல் வீசிக் காட்டுவார்.
அப்புறம் விழுவது.
உட்கார்ந்த இடத்திலிருந்து, பின்பு குந்தி,
கையை நீட்டித் தாங்கப் பார்க்காமல்.
விழுந்தவர் எழ எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்,
சொள்ளமுத்துவின் கடிகாரத்தை மட்டும்
முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.
நேரம் இருந்தால், இருக்காது, முன் உருளல்.
உருளுகிறவர் பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டு
தோளுக்குப் பின்னால் கை வைக்க வேண்டும்.
என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைத்
திருமலைக்குமாரிடம் விட்டுவிடலாம்.

சாரல் விடவில்லை,
நனைந்த இரண்டும் காயவில்லை.
ஏழு பேருக்கு ஆறு மெத்தை.
பரவாயில்லை, ஒருவர் தட்டட்டும்.

ஓமனாவுக்கு என்ன சொல்வது என்று
இன்னும் எழுதவில்லை.