ஆணி அடிக்கக் கூடாது

அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு
பத்மலோசனி அம்மாள் சொன்ன ஒரே நிபந்தனை
தலைப்பில் இருக்கிறது.
வேண்டுமென்றால் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்,
உங்கள் செலவில்.

செங்கல் சுட்டுப் பேர் வாங்கிய சூளையில்
ஒரு செங்கல்லும் சொந்தமில்லாத எங்களுக்கு
ஹாலில் ஒரு சுவர் நிறம் மாறினால் போதும் என்றிருந்தது.
தயாபரன் ஷேடு கார்டை விசிறிபோல் விரித்தான்.

இருசப்பன் வந்தார்.
எதிர்ச்சந்து காம்பவுண்டு சுவரில்
‘இந்த இடம் ஒதுக்கப்பட்டது’ என்று
தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பே எழுதிவைப்பவர்.
யாருக்கு என்று கேட்டால்
யார் முன்பணம் தருகிறார்களோ பார்ப்போம் என்பவர்.

மஞ்சள் என்றோம்.
“அது ஒரு கட்சிங்க.”
பச்சை?
“அது ரெண்டு.”
நீலம்?
“தாராளமா. போலீஸ் வந்தா நீங்களே பேசிக்குங்க.”
சிவப்பு?
“வாடகை வீட்லயா?” என்று சிரித்தார்.
தயாபரன் மெதுவாக
டெரகோட்டா என்று சொல்லிப் பார்த்தான்.
“பேரை மாத்துனா கலர் மாறிடுமா?”
இந்த ஊர்த் தெருக்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் எலிச்சாம்பல்.
கார்டில் அதன் பெயர் லண்டன் மழை.
எங்கள் ஜன்னலில் அதன் பெயர் பேசின் பிரிட்ஜ் வானம்.
யாரும் இன்னும் கொடியில் தைக்காத நிறம்.

பழைய பூச்சைச் சுரண்டினார்.
ரோஸ்,
அதற்கடியில் கிளிப்பச்சை,
அதற்கடியில் நீலம் போட்ட சுண்ணாம்பு,
அதற்கடியில் பென்சிலில் ஒரு பால் கணக்கு:
‘அரை லிட்டர் பாக்கி.’
அரசர்கள் கல்லில் வெட்டியது தானம்.
இங்கே குடியிருந்தவர் எழுதியது கடன்.
கல்வெட்டு பற்றி எனக்கு அதிகம் தெரியாது,
நான் வேலை பார்ப்பது மின்வெட்டு ஆபீசில்.

தரையில் பேப்பர் விரித்தோம்.
மூன்று வருடத்துக்கு முந்தைய தாளும்
போன வாரத் தாளும்
தோளோடு தோள் கிடந்து ஒரே குரலில் சொல்லின:
மழைநீர் வடிகால் பணி தொண்ணூறு சதவீதம் நிறைவு.
எது பழசு என்று தெரிந்துகொள்ள
ஓரத்தில் தங்கம் விலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

ரோலரிலிருந்து ஒரு சொட்டு
‘குடிநீர் வாரியம் அறிவிப்பு’ மேல் விழுந்தது.
சரியாக, நீர் மேல்.
மிச்சத்தைப் படித்தேன்.
திருத்தம் வெளியிட அவசியமில்லாத செய்தி.

இரண்டாவது கோட் காய்வதற்குள்
டிவியில் ஒருவர் கட்சி தொடங்கினார்.
கொடி ஏறியது. விரிந்தது.
சாம்பல்.
நடுவில் ஒரு எலிகூட இல்லை, வெறும் சாம்பல்.
இருசப்பன் ரோலரை வாளியில் சாய்த்துவிட்டு
கையெடுத்துக் கும்பிட்டார்,
டிவியையா சுவரையா தெரியவில்லை.
மாலைக்குள் போன்:
பெரம்பூர் பாலம் வரை முப்பத்தெட்டு சுவர்,
எல்லாம் எங்கள் ஷேடு.
மிச்சமிருந்த ஒன்றரை லிட்டரை
பாதி விலைக்கு அவரே எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது
கறுப்பு தொட்டு, கண்ணுயரத்தில்
ஒரு ஆணி வரைந்தார்.
தலை, தண்டு, கீழே சாய்ந்த நிழல்.
“அடிக்கலன்னு சத்தியம் பண்ணலாம் பாருங்க.”

மறுநாள் பத்மலோசனி அம்மாள் மாடி ஏறி வந்தார்.
ஆணியைப் பார்த்ததும் மூச்சை இழுத்தார்,
கட்டைவிரலால் தடவினார்,
ஓட்டை தேடினார்.
பிறகுதான் சுவர் முழுவதும் கண்ணில் பட்டது.
குரல் இறங்கிவிட்டது.
“எத்தனை நாளா கட்சியில இருக்கீங்க?”
நாங்கள் பதில் சொல்லவில்லை.
ஜனவரியில் ஏற வேண்டிய வாடகை
இன்னும் ஏறவில்லை.

நேற்று நல்ல மழை.
யானைகவுனி வரை முழங்கால் தண்ணீர்.
கரண்ட் வேறு போனது, எங்கள் ஆபீஸ்தான்.
தொப்பலாக வந்த தயாபரன்
இருட்டில் சட்டையைக் கழற்றி
அந்த ஆணியில் மாட்டியிருக்கிறான்.

காலையில் அது தரையில் கிடந்தது,
நான் சோம்பலில் எடுக்காமல் விட்ட பேப்பர் மேல்.
உதறினேன்.
முதுகில் மங்கலாக,
கண்ணாடியில் காட்டினால் மட்டும் படிக்கும்படி,
தொண்ணூறு சதவீதம்.